அடுத்த அறையில் பூ

"ஹால்ல மட்டும் பூ வெச்சிருக்கீங்க. மத்த ரூமெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

வாலு கேட்ட கேள்வி இது. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பல் விழுந்திருந்த சமயம். கேள்வியில் பாதி காற்றாகப் போனாலும் மீதி அம்மாவின் காதில் நன்றாகவே விழுந்தது.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். காலை வண்டியை விட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்து, சீருடையைக்கூட மாற்றாமல், ஒரு கட்டு டூலிப் பூவை ஹால் மேசையில் கண்ணாடிக் குவளையில் வைத்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுவதும் அடைத்தே கிடந்த ஜன்னலை அன்றுதான் திறந்திருந்தார்கள். வெயில் உள்ளே வந்து, இத்தனை நாள் யாரும் பார்க்காத தூசியை எல்லாம் காட்டிக்கொடுத்தது.

பூ, கடைசி நிறுத்தத்தில் கடை வைத்திருக்கும் பூக்காரம்மா கொடுத்தது. அந்த அம்மா தினமும் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பிடிக்க ஓடி வருவார். ஓட்டுநர் அதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவை மூடாமல் காத்திருப்பாள். இருவருக்கும் பழக்கம் அவ்வளவுதான். வசந்தம் வந்து கடை நிறையப் பூ குவிந்ததும், தண்டு ஒடிந்ததை எல்லாம் ஒரு காகிதத்தில் சுருட்டி, "விக்கத்தான் முடியாது, பாக்க முடியும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா" என்று நீட்டிவிட்டு இறங்கிப் போனார்.

"பாவம் ஒண்ணும் பண்ணலடி, இருக்கற பூ அவ்வளவுதான்" என்று சொல்லத்தான் ஓட்டுநர் வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவள் பார்வை நடு அறைக் கதவுக்குப் போயிற்று. அங்கே அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா, படுத்திருந்தார்.

நாத்தனார் தையல்காரர். வீட்டின் பின்பக்கத்துச் சின்ன அறையில் கால்மிதி மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர். தெருவில் பாதிப் பேருடைய உடம்பளவு அவருக்கு மனப்பாடம். அளவு நாடாவை ஒருவர் இடுப்பில் சுற்றும்போதே, "என்ன, வீட்டம்மா ஊருக்குப் போயிட்டாங்களா? ஒரு சுத்து இளைச்சிருக்கீங்களே" என்று கேட்டுவிடுவார். கேட்டது சரியாகவும் இருக்கும். குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலையில், தைத்து முடித்த துணிகளைக் கை நிறைய ஏந்திக்கொண்டு பின்படியில் இறங்கியபோது ஈரம் வழுக்கிவிட்டது. கைகளை உயர்த்தியபடியே விழுந்தார். துணி ஒன்றுகூட அழுக்காகவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு கூடிவிட்டது. நாத்தனார்தான் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் கட்டிலோரம் நின்றது. அதன்மேல் துண்டு காய்ந்தது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அதுவும் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு. வேறெங்கும் இல்லை.

"எலும்பு தன் வேலையைச் செஞ்சுடுச்சு, இனிமே பயம்தான் பாக்கி" என்று டாக்டர் ஓட்டுநரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். "மரமெல்லாம் இலை விட்டு முடிக்கறதுக்குள்ள இவங்க நடக்கணும். இல்லேன்னா சதை மறந்துடும். அப்புறம் நானே கெஞ்சினாலும் கால் கேக்காது."

அன்றிலிருந்து ஓட்டுநர் வண்டி ஓட்டும்போதெல்லாம் சாலையோர மரங்களையே பார்த்தாள். மொட்டைக் கிளைகளின் நுனியில் பச்சை அரும்பிக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்தவர்களுக்கு அது அழகு. அவளுக்கு அது கெடு.

"நீ சொல்றது சரிதாண்டி" என்றாள் மகளிடம். "எல்லா ரூமுக்கும் வெப்போம்."

அவள் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். அந்தப் பிடிவாதத்தால்தான் ஓட்டுநரானாள். வாலு கைக்குழந்தையாக இருந்தபோது, கனரக வண்டி ஓட்டும் பரீட்சையில் தோற்றுத் தோற்றுக் கடைசியில் தேறினாள். சொந்தக்காரர்கள் எல்லாம் வாயில் கை வைத்தபோது, "குழந்தையை நான் பாத்துக்கறேன், நீ போய் ஓட்டு" என்று சொன்னவர் நாத்தனார் ஒருவர்தான். டெப்போவில் சீருடைப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். "தேய்ச்சு வெக்கறேன், கொடு" என்று நாத்தனார் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை போட்டுக்கொண்டு போனால், அங்கே இருந்த மற்றப் பெண் ஓட்டுநர்கள் எல்லாம் சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு நின்றார்கள். எல்லாம் ஆண்களுக்கு வெட்டிய அளவு. "உனக்கு மட்டும் எப்படி அளவெடுத்த மாதிரி வந்துச்சு?" என்று அவர்கள் கேட்டபோது, "அதிர்ஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வெகுநாள் கழித்துக் கைமடிப்பில் ஒரு தையல் விட்டுப்போனபோதுதான் உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு தையலின் முடிவிலும் நாத்தனார் பின்னோக்கிப் போடும் ஒரு சின்ன முடிச்சு உண்டு. வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. தோள், கை, இடுப்பு, காலடி என்று சீருடை முழுக்க அந்த முடிச்சு இருந்தது. ஒரே ராத்திரியில் முழுவதையும் பிரித்துத் தைத்திருக்கிறார். அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததால் இவளும் கேட்கவில்லை. மறைத்துச் செய்த நன்மையை இழுத்துப் போட்டு நன்றி சொல்வது, மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதுபோல் அவளுக்குப் பட்டது. ஆனால் கடன் கடன்தான் என்று மட்டும் மனதில் இருந்தது.

முதலில் நாத்தனாரின் அறையிலேயே தொடங்கினாள். ஜாம் பாட்டிலைக் கழுவி, டூலிப்பை வைத்து, அலமாரியின்மேல் நிறுத்தினாள். நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

"சாரதி" என்றார் நாத்தனார். பரீட்சையில் தேறிய நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "இந்தப் பூ எனக்கா, சீலிங்குக்கா?"

"ஏன் அண்ணி?"

"இங்க வந்து என் பக்கத்துல படு. படுத்துப் பாரு."

ஓட்டுநர் படுத்துப் பார்த்தாள். பாட்டிலின் அடிப்பாகமும், பாதி கிழிந்த ஜாம் லேபிளும் தெரிந்தன. பூவைக் காணோம். இருவரும் சிரித்துவிட்டார்கள். குளிர்காலத்துக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

"சட்டையை ஹாங்கர்ல மாட்டியா அளவு பார்ப்பாங்க?" என்றார் நாத்தனார். "போட்டுக்கறவங்களைக் கையைத் தூக்கச் சொல்லணும், உக்காரச் சொல்லணும், குனியச் சொல்லணும். பூவும் அப்படித்தான். யாரு, எங்கேருந்து பாக்கறாங்கன்னு யோசிச்சு வெக்கணும்."

ஓட்டுநர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கதவு வழியாக வெளியே பார்த்தாள். நடு அறையையும் ஹாலையும் இணைக்கும் குறுகலான நடை தெரிந்தது. அதற்கப்பால் ஹால் மேசையின் ஒரு மூலை தெரிந்தது. அவள் மூளையில் ஏதோ வண்டி கியர் மாறியது. பயணி தூரத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த நிறுத்தம் கண்ணில் பட்டால் போதும், நடந்துவிடுவான்.

எழுந்து போய் ஹால் குவளையை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். கட்டிலில் இருந்து பார்த்தால் பூங்கொத்தில் பாதி மட்டும் தெரியும்படி வைத்தாள். மீதிப் பாதி சுவருக்குப் பின்னால்.

அதன்பிறகு அந்தப் பாதிப் பூ நாத்தனாரைப் பாடாய்ப் படுத்தியது. வெட்டிய துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால்கூடப் பொறுக்காத கண் அது.

"சாரதி, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளேன்."

"கை வேலையா இருக்கேன் அண்ணி."

"வாலு, நீ தள்ளு கண்ணு."

"அம்மா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை."

"அம்மாவும் பொண்ணும் கூட்டுக் களவாணிங்க."

சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு பிற்பகல், வாக்கரின்மேல் கிடந்த துண்டைத் தானே எடுத்து மடித்து வைத்தார். ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகில் வந்தாள். நாத்தனார் எழுந்தார். ஓரடி. இன்னோரடி. கதவுவரை வந்துவிட்டார். வாலு கைதட்டப் போனவள், அம்மாவின் முறைப்பைக் கண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கதவு தாண்டியதும் நடை. அங்கே வாக்கர் நுழையவில்லை, அகலம் போதவில்லை. நாத்தனார் அதை விட்டுவிட்டுச் சுவரைத் தொட்டார். வழவழப்பான சுவர், விரலுக்குப் பிடிப்பே இல்லை. கை வழுக்கியது. முழங்கால் ஆடியது. ஓட்டுநர் பாய்ந்து அணைத்துக்கொண்டாள்; இருவரும் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் நாத்தனாரின் முகம், பின்படியில் விழுந்த அன்றைக்கு இருந்ததுபோல் வெளுத்துவிட்டது.

"உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்தறவ நீ" என்றார் மூச்சு வாங்க. "நின்னுட்டு வர்றவங்க எதைப் புடிச்சுப்பாங்கன்னு ஒரு நாளாவது நினைச்சுப் பாத்திருக்கியா?"

அன்று மாலை நடு அறைக் கதவு மூடிக்கொண்டது.

ஓட்டுநரின் கணவனுக்கு ரொட்டி சுடும் இடத்தில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூட மாவு இருக்கும். அக்காவைப் பார்த்துவிட்டு வந்தவன் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "விட்டுடும்மா. மாவை அதட்டினா உப்பாது. அது பாட்டுக்கு இருக்க விடணும்."

"இருக்க விடலாம். ஆனா குளிர்ல விட்டா உப்புமா? கதகதன்னு ஒரு இடத்துல வெக்கணும்ல?"

"நீ கதகதப்பு இல்ல, நீ அடுப்பு."

"அடுப்பாவே இருந்துட்டுப் போறேன். ரொட்டி வெந்தா சரி."

நாத்தனார் சொன்னது அவளுக்குச் சுட்டது. உண்மை என்பதால் கூடுதலாகவே சுட்டது. மறுநாள் வண்டி ஓட்டும்போது உள்கண்ணாடியில் நிற்பவர்களைப் பார்த்தாள். தலைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றுதான் கைகளைப் பார்த்தாள். எல்லோருடைய கையும் எதையோ பிடித்திருந்தது. ஒரு குழந்தை, பிடிக்க எதுவும் எட்டாததால், முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் கோட்டைப் பிடித்திருந்தது. அவரும் அசையாமல் நின்றிருந்தார்.

டெப்போவின் பின்புறம், ஓடி ஓய்ந்த வண்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த மஞ்சள் கைப்பிடிக் கம்பியைக் காட்டி, "இதை எடுத்துக்கட்டுமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"எடுத்துக்க. ஆனா ஒண்ணு, வண்டி மிச்சத்தையும் தவணை முறையில கொண்டு போயிடாதே" என்றார் அவர். கம்பியை அறுத்து, முனைகளை ராவி, சுவரில் பொருத்தும் தாங்கிகளையும் அவரே தேடிக் கொடுத்தார்.

விடுமுறை நாளில் கணவன் சுவரில் துளை போட்டான். "விட்டுடு" என்று சொன்ன அதே மனிதன்தான், கம்பி ஆடுகிறதா என்று தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான்.

மூடிய கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "டேய், வீட்டை இடிக்கிறீங்களா?"

"இல்லக்கா. பஸ் ஸ்டாண்டு கட்டறோம்."

கம்பிக்கு மேலே, நாத்தனார் நின்றால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், ஓட்டுநர் சின்னச் சின்ன மருந்து பாட்டில்களை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் டாஃபடில் பூ. நாத்தனாரின் நெற்றி தன்னுடைய எந்த இடத்துக்கு வரும் என்று நினைவுபடுத்திக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடித்து நின்று பார்த்தாள். இந்தத் தடவை சரியாக இருந்தது.

கதவு திறந்தது. நாத்தனார் கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதோடு சரி. எழுந்திருக்கவில்லை.

ஓட்டுநர் விடுவதாக இல்லை. காலையில் கிளம்புமுன் வழக்கமாகச் செய்யும் பிரார்த்தனையில் ஒரு வரி கூடியது. பூக்காரம்மா கொடுக்கும் காகிதச் சுருள் தினம் ஒரு அறைக்குப் போனது. குளியலறை ஜன்னலில் பல் தேய்க்கும் தம்ளரில் டெய்சிப் பூ சிரித்தது. வாசலில் செருப்பு வைக்கும் பலகைமேல் ஆப்பிள் கிளை ஒன்று மொட்டோடு நின்றது. "செருப்புக்கெல்லாம் பூ வெக்கற வீடு நம்ம வீடுதான்" என்று கணவன் கேலி செய்தான். வெளியே மரங்கள் அவசர அவசரமாக இலை விட்டுக்கொண்டிருந்தன.

சமையலறைக்கு என்று ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. வாய் அகலம். அதில் டூலிப்பை எப்படி வைத்தாலும் தண்டுகள் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்தன. அடியில் கூழாங்கல் போட்டால் நிற்கும். கூழாங்கல்லுக்கு எங்கே போவது? சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தாள். தையல் மேசைமேல் வரிசையாக டப்பாக்கள், எல்லாவற்றிலும் பட்டன்கள். ஆகா என்று எடுத்து வந்து, ஒவ்வொரு டப்பாவாக ஜாடிக்குள் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். பட்டன்களுக்குள் தண்டுகள் ஊன்றி விறைப்பாக நின்றன. கண்ணாடிக்குள் சிவப்பும் நீலமும் முத்துவெள்ளையும் கலந்து மின்னின. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள்.

வாலு ஓடிப்போய்ச் செய்தி சொன்னாள். "அத்தை! கிச்சன்ல பூ உங்க பட்டன் மேல நிக்குது!"

"எந்தப் பட்டன்?"

"எல்லாப் பட்டனும்."

நடு அறையில் கட்டில் முனகியது. பிறகு வாக்கர் தரையில் இடிக்கும் ஓசை. பிறகு அது சுவரில் மோதி நிற்கும் ஓசை. குழாயைத் திறந்து வைத்திருந்த ஓட்டுநருக்கு எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் கம்பி கிறீச்சிட்டதுதான் கேட்டது. திரும்பினாள்.

நடையின் கோடியில், சமையலறை வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கம்பியின் முனையில். முகம் டூலிப்பைவிடச் சிவப்பு.

"எல்லாத்தையும் தண்ணியில போட்டியா? மரப் பட்டன் ஊறி உப்பிடும்! துணி சுத்துன பட்டன் சாயம் போகும்! நிறம் வாரியா, அளவு வாரியா எத்தனை வருஷமாப் பிரிச்சு வெச்சது! உன் வண்டியில ஏறுற சனத்தையும் இப்படித்தான் ஒண்ணாக் கொட்டிக் குலுக்குவியா?"

ஓட்டுநர் சோப்பு நுரையோடு நின்றாள்.

"அத்தை" என்றாள் வாலு. "நீங்க நடந்து வந்துட்டீங்க."

"நடக்காம? பறந்தா வருவாங்க?" என்று அவள்மேல் பாய்ந்தவர், பாதியில் நிறுத்தினார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். சமையலறைத் தரைமேல், அவருக்குத் தெரியாமலே, அவை வந்து நின்றிருந்தன. பின்னால் திரும்பித் தான் வந்த நடையைப் பார்த்தார். டாஃபடில்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த வேகத்தில் தலையால் இடித்திருக்கிறார்.

நாத்தனார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "மசமசன்னு நிக்காம ஒரு துண்டை விரி. மரப் பட்டனை முதல்ல எடு" என்றார்.

துண்டை விரித்துப் பட்டன்களைக் கொட்டினார்கள். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தார். பிறகு தானே எழுந்து, மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார். "இது என்ன, காலரைத் தூக்கிவிட்ட ரவுடி மாதிரி நிக்குது? உயரமானதைப் பின்னால வை. குட்டையை முன்னால வை. கழுத்துக்குக் கொஞ்சம் இடம் விடு." துணிக்கடைப் பொம்மைக்கு உடுத்துவதுபோல் பூக்களைத் திருத்தினார். பட்டன்களில் கண்ணாடிப் பட்டன்களை மட்டும் திரும்ப உள்ளே போட அனுமதித்தார்.

வேலை முடிந்து வந்த கணவன் கதையைக் கேட்டுவிட்டு மனைவியைத் தனியே கூப்பிட்டான். "பெரிய ஆளும்மா நீ. கோபம் வந்தா எழுந்திருப்பாங்கன்னு தெரிஞ்சுதானே பட்டன்ல கை வெச்சே?"

"சத்தியமா இல்ல. எனக்குப் பட்டன்னா பட்டன். அதுல சாதி சனம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் நம்பவில்லை. நாத்தனாரும் நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை. அவளுடைய திட்டமெல்லாம் சேர்ந்து செய்யாததை அவளுடைய அசட்டுத்தனம் செய்தது. கடவுள் நம் புத்திசாலித்தனத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. கையில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு வீட்டுப் பூவெல்லாம் நாத்தனாரின் பொறுப்பாயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனார். குளியலறைத் தம்ளரை மாற்றினார். ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பியில் ஒற்றை டெய்சியை நிறுத்தி, வாலுவின் படிப்பு மேசையில் வைத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "இலைகூட இன்னும் முழுசா விடலையே!" என்று சிரித்தார். எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மட்டும் நாத்தனார் பூ வைக்கவில்லை.

"அந்த ரூம் என்ன பாவம் பண்ணுச்சு அத்தை?" என்று வாலு கேட்டாள்.

"அங்க வெயில் வராது" என்றார் நாத்தனார். அங்கேதான் வீட்டிலேயே நல்ல வெயில் வரும்.

ஒரு நாள் காலை வண்டியை முடித்துவிட்டு ஓட்டுநர் பின்வாசல் வழியாக வந்தாள். சின்ன அறையின் ஜன்னலைத் தாண்டும்போது நாத்தனார் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நின்றுவிட்டாள். நாத்தனார் இரண்டு பாதங்களையும் மிதிமேல் வைத்து அழுத்தினார். சக்கரம் பாதி சுற்றுக்கு வந்து, திக்கி, திரும்பிவிட்டது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் திரும்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தினார். சக்கரம் மறுபடியும் பாதியிலேயே நின்றது. எழுந்து, மிஷினை உறையால் மூடி, உறையின் மூலைகளை நேர் செய்தார்.

அன்று சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக, "அந்த மிஷினை யாராவது கேட்டாக் கொடுத்துடலாம். எனக்கும் கண்ணு மங்குது" என்றார்.

"கண்ணா?" என்றான் தம்பி. "நேத்து என் சட்டையில இருந்த மாவை வாசல்லேருந்தே பாத்தியேக்கா!"

"வயசாகுதுடா" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஓட்டுநர் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயதைப் பற்றி அதிகம் தெரியாது. கண்ணைப் பற்றியும் தெரியாது. ஆனால் மிதியைப் பற்றித் தெரியும். காலை முதல் மாலைவரை அவள் பிழைப்பே மிதிதான். நல்ல கால் வைத்தும் நகராத மிதிகளை அவள் பார்த்திருக்கிறாள். அந்த மிஷின் குளிர்காலம் முழுவதும் ஓடாமல் கிடந்தது என்பதும் நினைவிருந்தது. நாத்தனாரின் காலில் இன்னும் குறை இருந்தது நிஜம். ஆனால் குறை முழுவதும் காலில் இல்லை.

"மிஷின்தான் இறுகிப் போச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டுச் சரி செய்து கொடுத்திருக்கலாம்தான். சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். மிதி ஓடும். ஆனால் நாத்தனார், 'பலமில்லாத காலுக்காக இளக்கிக் கொடுத்த மிஷின்' என்றுதான் ஒவ்வொரு மிதிக்கும் நினைத்துக்கொள்வார். அந்தச் சீருடையை அன்று நாத்தனார் அவள் கையில் கொடுத்து, 'உனக்காகச் சின்னதாக்கினேன்' என்று சொல்லியிருந்தால், முதல் நாள் அவ்வளவு நிமிர்ந்து வண்டியில் ஏறியிருப்பாளா?

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் பூக்காரம்மாவிடம் கேட்டாள்: "தலை வலிக்கற அளவுக்கு மணக்கற பூ ஏதாவது இருக்காம்மா?"

"யாருக்கும்மா தலைவலி வரணும்?"

"ஒரு வாசனையை மறைக்கணும்."

பூக்காரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கட்டு லைலாக் கிளைகளைக் கொண்டு வந்தார். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்கின. இவற்றில் ஒன்றின் தண்டுகூட ஒடியவில்லை.

காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் நடுவே அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில், வாலு பள்ளிக்கூடத்திலும் கணவன் ரொட்டிக்கடை அடுப்படியிலும் இருந்தார்கள். நாத்தனார் நடு அறையில் கண்ணயர்ந்திருந்தார். ஓட்டுநர் சின்ன அறைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு, மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

நினைத்தது சரிதான். பழைய எண்ணெய் பிசினாகக் கெட்டித்துப் போயிருந்தது. சக்கரத்தின் அச்சில் நூல் சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது. யார் யாருக்கோ தைத்த துணிகளின் நூல். பச்சை, கறுப்பு, மணப்பெண்ணின் உடைக்கு ஓட்டிய பட்டு. ஊசியால் இழை இழையாக எடுத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், அச்சை ஒட்டி, ஒரு நீல இழை இருந்தது. சீருடையின் நீலம். அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நீலத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ தைத்திருப்பார். இருந்தாலும் அதைக் கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்தாள்.

பிசினைத் துணியால் துடைத்தாள். புது எண்ணெய் விட்டாள். மிதியின் இருபக்கத் திருகுகளும் இறுகியிருந்தன. மயிரிழை அளவுக்கு இளக்கினாள். ரொம்ப இளக்கினால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். குளிருக்கு முன்னால் புதிதாக மாட்டிய தோல் பெல்ட் சக்கரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, கையால் இழுத்து நீவி, பதமாக்கி மாட்டினாள். பிறகு ஒரே ஒரு விரலை மிதிமேல் வைத்து அழுத்தினாள். சக்கரம், தூக்கம் கலைந்த பூனை சோம்பல் முறிப்பதுபோல், சத்தமில்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றியது.

அழுக்குத் துணியையும் நூல் பந்தையும் பூ சுற்றி வந்த காகிதத்திலேயே சுருட்டித் தன் பைக்குள் திணித்தாள். உறையைப் பழையபடி மூடி, மூலைகளை நேர் செய்தாள். அறை முழுக்க எண்ணெய் வாடை அடித்தது. லைலாக் கிளைகளைப் பெரிய கூஜாவில் வைத்து ஜன்னலில் நிறுத்தினாள். நாத்தனாரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்சம் உயரம். எழுந்து போய்க் கிளைகளைக் குட்டையாக்கி, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் நேரே பூ. அப்போதுதான் திருப்தி வந்தது.

மாலை வண்டி முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் நடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது? வீடு பூரா மூக்கைத் துளைக்குது! அந்த ரூமுக்குப் பூ வேண்டாம்னு சொன்னேன்ல?"

"வெயில் வருதான்னு பாக்க வெச்சேன் அண்ணி. பிடிக்கலேன்னா எடுத்துடுங்க."

"எடுக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் பின்பக்கம் போனார்.

ஓட்டுநர் அவரோடு போகவில்லை. சமையலறைக்குள் வந்து குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தாள். நகத்தின் கீழே இன்னும் கறுப்பு இருந்தது. மதியம் எத்தனை தேய்த்தும் போகாத கறுப்பு. பின்னால் வந்து நின்ற வாலு எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, அழுக்கு?" என்றாள். "வண்டி எண்ணெய்டி" என்றாள் அம்மா. கடவுள் மதியமே பார்த்திருப்பார். அவர் கோள் சொல்கிறவர் அல்ல.

சின்ன அறையில் கூஜாவை நகர்த்தும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு நாற்காலி தரையில் உராயும் சத்தம். உறையை எடுத்து உதறும் சத்தம். பிறகு மறுபடி ஒன்றுமில்லை. ஓட்டுநர் சோப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

டக்.

நின்றது.

டக், டக், டக். பிறகு மழை பிடித்துக்கொள்வதுபோல் நிற்காமல் ஓடியது.

"சாரதி!" என்று நாத்தனாரின் குரல் அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்டது. "என் கால் சரியாயிடுச்சு! நேத்துக்கூட நகரலை, இன்னிக்குப் பாரு!"

"நடந்து நடந்து பலம் வந்திருக்கும் அண்ணி!" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அதான்! வேற என்ன!"

ஓட்டுநர் சிரித்துக்கொண்டாள். மறுபடி சோப்பு போட்டு, நகத்தின் கீழே இருந்த அந்தக் கடைசிக் கறுப்பையும், தண்ணீர் தெளிந்து ஓடும்வரை, நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள்.